வராத அழைப்பு: ஒரு லிஃப்ட் பராமரிப்பு அலுவலகத்தில் போனையும் கணினியையும் இணைத்தபோது

திரையில் ஒரு பெட்டி தோன்ற வேண்டும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான். போன் அடித்ததும் வாடிக்கையாளரின் பெயர், கட்டடத்தின் முகவரி, பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா என்ற விவரம், இவை மூன்றும் கணினியில் தெரிந்தால் போதும் என்றார்கள். "ஒரு வாரத்துல முடிஞ்சிடுமா சார்?" என்று கேட்டார் சர்வீஸ் மேலாளர். முடிந்துவிடும் என்று நானும் வாய் கூசாமல் சொன்னேன். எட்டு மாதம் ஆயிற்று. அதில் பெட்டிக்குச் செலவான நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மீதி முழுவதும் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டியதில் போனது: இப்போது அடிக்கிற இந்த அழைப்பு எது?

முதலில் என்ன இருந்தது

நிறுவனத்தின் தொழில் லிஃப்ட் பராமரிப்பு. சுமார் 600 லிஃப்ட்கள் அவர்கள் பொறுப்பில் இருந்தன. அலுவலகத்தில் 26 எக்ஸ்டென்ஷன்கள். அவற்றில் ஆறு சர்வீஸ் டெஸ்க்குக்கு. பகலில் ஆறிலும் ஆள் இருப்பார்கள், இரவில் ஒரே ஒருவர்.

வரும் அழைப்புகள் மூன்று வகை. பில், ஒப்பந்தம், உதிரி பாகம் என்று அலுவலக வேலையாக வருபவை ஒன்று. "மூணாவது மாடியில கதவு மூட மாட்டேங்குது" என்று கட்டடத்துக் காவலாளியோ செயலாளரோ சொல்லும் புகார்கள் இன்னொன்று. மூன்றாவது, லிஃப்டே செய்யும் அழைப்பு. கேபினுக்குள் மணிப் படம் போட்ட பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், உள்ளே இருக்கும் டயலர் தானாகவே டெஸ்க்கின் எண்ணை அழைக்கும். மறுமுனையில் பேசுகிறவர் பதற்றத்தில் இருப்பார். பார்சல் கொடுக்க வந்தவராக இருக்கலாம், தாத்தாவைப் பார்க்க வந்த பேத்தியாக இருக்கலாம். கட்டடத்தின் பெயரே சிலருக்குச் சொல்லத் தெரியாது. லிஃப்டின் எண் யாருக்குமே தெரியாது.

அலுவலகத்துக்குள் அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் பிபிஎக்ஸ் கருவி பழையது, ஆனால் உறுதியானது. வெளியிலிருந்து ஈ1 வகைப் பிஆர்ஐ என்ற டிஜிட்டல் இணைப்பு ஒன்று: பேச்சுக்கு 30 வழிகள், அழைப்பு விவரங்களைச் சுமக்கும் சைகைக்கென்று தனியாக ஒரு வழி. அழைக்கிறவரின் எண்ணும் அவர் எந்த எண்ணை அழைத்தார் என்பதும் மணி அடிப்பதற்கு முன்பே சைகை வழியில் வந்து சேர்ந்துவிடும். சாதாரண அனலாக் லைனில் இந்த வசதி கிடையாது. பல நாடுகளில் அங்கே அழைப்பவர் எண் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில்தான் வரும். முதல் மணியிலேயே போனை எடுத்துவிடுகிற சுறுசுறுப்பான ஆளுக்கு எண்ணே தெரியாமல் போகும்.

பிபிஎக்ஸின் பின்பக்கம் ஒரு சீரியல் போர்ட்டும் இருந்தது. ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் அதிலிருந்து ஒரு வரி வெளியே வரும்: எந்த எக்ஸ்டென்ஷன், எந்த எண், எத்தனை நிமிடம். கணக்குப் பிரிவு அதை வைத்து மாத பில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. "இதையே கம்ப்யூட்டரில் கொண்டுவந்தால் போதாதா?" என்று கேட்டார்கள். கல்யாணம் முடிந்த பிறகு கைக்கு வரும் பத்திரிகை அது. போன் அடிக்கும்போது பெயர் தெரிய வேண்டுமென்றால் வேறு வழியைத்தான் பார்க்க வேண்டும்.

மேசையிலா, சர்வரிலா

இவர்களுக்கு இது முதல் முயற்சியும் இல்லை. முன்பு ஒருவர் வந்து, டெஸ்க்கில் இருந்த ஒவ்வொரு கணினியிலும் டாபி (விண்டோஸ் கணினி போனோடு பேச உதவும் முறை) டிரைவர் போட்டு, பக்கத்திலிருக்கும் டிஜிட்டல் போனோடு கேபிளில் இணைத்துவிட்டுப் போயிருந்தார். அப்படி இணைத்தால் அந்தக் கணினிக்கு அந்த ஒரு போனை மட்டும்தான் தெரியும். போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியுமோ, அதற்கு மேல் கணினிக்கும் தெரியாது. அடுத்த மேசைக்கு என்ன வந்தது, வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், யாரும் எடுக்காமல் விட்டுப்போனது எது, எதுவுமே பிடிபடாது. விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் ஏதாவது ஒரு கணினி ஊமையாகியிருக்கும். கடைசியில் கேபிள்களைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டார்கள்.

இன்னொரு வழி, பிபிஎக்ஸுக்கும் ஒரு சர்வருக்கும் நடுவே ஒரே இணைப்பைப் போட்டுவிட்டு, எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் சர்வரிலிருந்தே கவனிப்பது. மேசைக் கணினிகள் சர்வரிடம் கேட்டுக்கொள்ளும். போனோடு அவற்றுக்கு நேரடி உறவே கிடையாது. இரண்டு வழிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. பிபிஎக்ஸும் கணினியும் பேசிக்கொள்வதற்கான சிஎஸ்டிஏ என்ற தரநிலையின் முதல் பதிப்பை ஈசிஎம்ஏ என்ற தரநிலை அமைப்பு 1992இல் வெளியிட்டது. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் டாபியைக் கொண்டுவந்தது 1993இல். அதே காலத்தில் நாவெலும் ஏடி அண்ட் டியும் சேர்ந்து, சிஎஸ்டிஏவை அடித்தளமாக வைத்து டிசாபி என்ற போட்டி முறையை உருவாக்கின. டாபி மேசையில் தொடங்கிப் பின்னால் சர்வருக்கு வளர்ந்தது. டிசாபி சர்வரிலேயே தொடங்கியது. யார் ஜெயிப்பார்கள் என்று அன்றைக்குப் பெரிய போட்டியாகப் பேசப்பட்டது. இன்று ஏதோ ஒரு பிபிஎக்ஸின் கையேட்டைப் புரட்டும்போதுதான் அந்தப் பெயர்கள் கண்ணில் படுகின்றன.

இந்தப் பிபிஎக்ஸில் சிஎஸ்டிஏ இணைப்புக்கான உரிமம் ஏற்கெனவே வாங்கப்பட்டிருந்தது. யாரும் பயன்படுத்தியதில்லை. சர்வரில் எங்கள் நிரல் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனையும் "கண்காணி" என்று பிபிஎக்ஸிடம் சொல்லி வைக்கும். அதன் பிறகு அங்கே நடப்பதெல்லாம் செய்தியாக வந்துகொண்டே இருக்கும். டெலிவர்டு என்றால் மணி அடிக்கிறது. எஸ்டாப்ளிஷ்டு என்றால் எடுத்தாயிற்று. கனெக்‌ஷன் கிளியர்டு என்றால் ஒரு முனையில் வைத்தாயிற்று. முதல் செய்தி வந்ததும் எண்ணை எடுத்து வாடிக்கையாளர் பட்டியலில் தேடி, கிடைத்ததைத் திரைக்கு அனுப்ப வேண்டும். இரண்டே நாளில் பெட்டி தோன்றியது. மேலாளர் எல்லோரையும் கூட்டி வந்து காட்டினார்.

திரையைத் திருடும் பெட்டியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் பதிப்பில் பெட்டி மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வந்து, கீபோர்டையும் பிடுங்கிக்கொள்ளும். ஒருவர் முந்தைய புகாருக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருப்பார். பாதி வாக்கியத்தில் புதிய அழைப்பு வரும். அவர் தட்டிய என்டர் கீ அந்த அழைப்பை எடுத்துவிடும். மறுமுனையில் ஒருவர் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்பார். இதைப் போல அலுவலகத்தின் சாபத்தை ஒரே நாளில் சம்பாதித்துத் தரும் பிழை வேறில்லை. அடுத்த நாளே பெட்டியைத் திரையின் ஓரத்தில் ஒரு பட்டையாகச் சுருக்கி, கீபோர்டைத் தொடாதபடி செய்தோம். திரையில் இருக்கும் எண்ணைச் சொடுக்கினால் போன் போகும் வசதியும் செய்து கொடுத்தோம். அதில் முதலில் உங்கள் போனே அடிக்கும், நீங்கள் எடுத்த பிறகுதான் வெளியே எண் சுற்றும். தாங்கள் சொடுக்கியதை மறந்துவிட்டு, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எடுத்து வைத்துவிடுகிறவர்களே அதிகம். ஒரு மாதத்தில் அதை யாரும் தொடவில்லை.

எண்கள் பூணும் வேடங்கள்

வாடிக்கையாளர் பட்டியலில் போன் நம்பருக்கென்று ஒரே ஒரு கட்டம். பல ஆண்டுகளாகப் பல கைகள் தட்டிச் சேர்த்தது. சில இடங்களில் இரண்டு எண்கள், நடுவே சாய்கோடு. சில இடங்களில் இடைவெளி, சில இடங்களில் சிறுகோடு, சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் பகுதிக் குறியீடு. ஒன்றில் "மாலை 6க்கு மேல் மகனிடம் பேசவும்" என்ற குறிப்பும் எண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மனிதர் படிக்க எழுதியது. மனிதர் படித்தால் புரியும். கணினி படித்தால்?

பிபிஎக்ஸ் கொடுக்கும் எண்ணும் லேசுப்பட்டதில்லை. பிஆர்ஐ வழியே வரும் எண்ணில் முன்னால் இருக்க வேண்டிய பூஜ்யம் சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. திருப்பி அழைக்க வசதியாக இருக்கட்டும் என்று, வெளி லைன் எடுப்பதற்கான 9ஐயும் பிபிஎக்ஸ் தானாகவே முன்னால் சேர்த்துக்கொள்ளும். ஒரே மனிதரின் ஒரே எண், எங்களுக்கு நான்கு வேடங்களில் வந்தது.

இதற்கு ஒழுங்கான மருந்து ஒன்று உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு வகுத்த ஈ.164 முறைப்படி எந்த எண்ணையும் நாட்டுக் குறியீட்டில் தொடங்கி எழுதலாம்; அதிகபட்சம் 15 இலக்கங்கள். பட்டியலில் இருப்பதையும் பிபிஎக்ஸ் தருவதையும் அந்த ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு அதற்குப் பிறகு ஒப்பிட வேண்டும். பட்டியலில் ஏற்கெனவே எழுதியிருந்ததை அழிக்காமல் பக்கத்தில் இன்னொரு கட்டத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த மகன் குறிப்பு யாருக்காவது தேவைப்படும். செய்ய வேண்டியது இது. எங்கள் நிரலர் செய்தது வேறு: இரண்டு பக்கமும் கடைசி ஏழு இலக்கங்களை வெட்டி எடுத்து ஒப்பிட்டார். நேரமில்லை, பிறகு சரி செய்யலாம் என்று நானும் தலையாட்டினேன். சோதித்த எண்ணெல்லாம் சரியாகவே வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு மாலை. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது என்று ஒரு காவலாளி கூப்பிட்டார். திரையில் கட்டடத்தின் பெயரும் முகவரியும் வந்தன. டெஸ்க்கில் இருந்தவர் மெக்கானிக்கை அந்த முகவரிக்கு அனுப்பினார். மெக்கானிக் போய் இறங்கினால், அங்கே லிஃப்ட் ஜம்மென்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. கூப்பிட்ட கட்டடம் வேறொரு பகுதியில் இருந்தது. அதன் எண்ணிலும் கடைசி ஏழு இலக்கங்கள் அதே ஏழுதான். பகுதிக் குறியீடு மட்டும் வேறு. நின்றுபோன கேபினுக்குள் ஆள் யாரும் இல்லை என்பதால் திட்டு வாங்கியதோடு தப்பித்தோம்.

மறுநாள் டெஸ்க்கில் மூத்தவரான அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, முன்னாடியெல்லாம் போன் எடுத்ததும் முதல்ல என்ன கேப்பீங்க?"

"எந்தக் கட்டடம், எந்த ஏரியான்னு கேப்பேன்."

"நேத்து கேட்டீங்களா?"

"ஸ்கிரீன்லதான் வந்துச்சே தம்பி. வந்ததையே திரும்பக் கேட்டா அவங்களுக்குக் கோவம் வராதா?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. இருபது ஆண்டுகளாக அவர் தவறாமல் கேட்டு வந்த ஒரு கேள்வியை எங்கள் பெட்டி இரண்டே வாரத்தில் மறக்கடித்திருந்தது. திரை சும்மா இருந்திருந்தால் மெக்கானிக் சரியான இடத்துக்குப் போயிருப்பார். அன்றிலிருந்து முழு எண்ணும் பொருந்தினால் மட்டுமே பெயர் காட்டுவது என்று வைத்தோம். இரண்டு கட்டடங்களுக்கு ஒரே எண் இருந்தால் இரண்டையும் காட்டும், எதையும் தானாகத் தேர்ந்தெடுக்காது. பழுதுப் புகாரில் கட்டடத்தின் பெயரை அழைத்தவர் வாயாலேயே சொன்னார் என்று டெஸ்க்கில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் புகார் எண் உருவாகும். இது வேலையைச் சில நொடிகள் தாமதப்படுத்துகிறது என்று மேலாளர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு டிரான்ஸ்ஃபரில் மூன்று அழைப்புகள்

என்னை அதிக நாள் தூங்கவிடாதது இது.

வாடிக்கையாளர் ரிசப்ஷனை, அதாவது 200ஐ அழைக்கிறார். பிபிஎக்ஸ் இந்த அழைப்புக்குத் தனக்குள் ஒரு எண் வைக்கிறது. 5012 என்று வைத்துக்கொள்வோம். ரிசப்ஷனிஸ்ட் அவரை ஹோல்டில் போட்டுவிட்டு டெஸ்க்கின் 311ஐ அழைக்கிறார். பிபிஎக்ஸைப் பொறுத்தவரை அது புத்தம் புதிய அழைப்பு, 5013. அதனால் 311இன் திரையில் வாடிக்கையாளர் பெயர் வராது, 200 என்றுதான் வரும். அந்த நொடியில் கூப்பிடுவது ரிசப்ஷனிஸ்ட்தானே. அவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு டிரான்ஸ்ஃபர் பொத்தானை அழுத்தியதும் 5012உம் 5013உம் மறைந்து 5014 பிறக்கிறது. எந்த இரண்டு போய் எந்த ஒன்று வந்தது என்பதை டிரான்ஸ்ஃபர்டு என்ற ஒரே செய்தியில் பிபிஎக்ஸ் சொல்லிவிடும். எங்கள் நிரல் அந்தச் செய்தியைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

விளைவு, பதிவேட்டில் எங்கே பார்த்தாலும் அரை நிமிட அழைப்புகள். கூடவே தொடக்கமே இல்லாத நீண்ட உரையாடல்கள். ரிசப்ஷனில் திறந்த வாடிக்கையாளர் பக்கம் அங்கேயே கிடக்கும், டெஸ்க்கில் இருப்பவர் "உங்க பேர் என்னங்க?" என்று முதலிலிருந்து தொடங்குவார். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்ல வைக்கிறார்கள் என்பது வாடிக்கையாளர்களின் பழைய புகார். அதைத் தீர்ப்பதற்குத்தானே எங்களைக் கூப்பிட்டார்கள்?

இதைவிட மோசமானது ஒன்றும் நடந்தது. ஒரு கட்டடத்தின் புகாருக்கு எழுதிய குறிப்புகள் வேறொரு கட்டடத்தின் புகாரில் போய் ஒட்டியிருந்தன. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது: முந்தைய வாரம் மின்சாரம் போய்ப் பிபிஎக்ஸ் மறுபடி கிளம்பியபோது, அழைப்பு எண்களை மீண்டும் அடியிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. அந்த எண்ணைத்தான் நாங்கள் டேட்டாபேஸில் முதன்மைச் சாவியாக, அதாவது ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் எண்ணாக, வைத்திருந்தோம். பிபிஎக்ஸுக்கு அந்த எண் ஓட்டலில் கொடுக்கும் டோக்கன் மாதிரி. ஆள் எழுந்து போனதும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். அதைப் பிறந்த தேதிபோல் நம்பியது எங்கள் பிசகு.

எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மீண்டும் கட்டினோம். வாடிக்கையாளர் முதலில் உள்ளே நுழையும்போதே நாங்களே ஓர் உரையாடல் எண் கொடுத்துவிடுவோம். பிபிஎக்ஸின் எண்கள் அதற்குக் கீழே தொங்கும் துணை எண்கள் மட்டுமே. டிரான்ஸ்ஃபர் செய்தி வந்தால் பழைய இரண்டும் புதிய ஒன்றும் ஒரே உரையாடல் எண்ணுக்குக் கீழே வந்து சேரும். அதே நொடியில் ரிசப்ஷனில் திறந்திருந்த பக்கம் டெஸ்க்கின் திரைக்குத் தாவும். சர்வர் நடுவில் நின்று மறுபடி கிளம்பினால், அப்போது நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் எவை என்று பிபிஎக்ஸிடம் கேட்டு வாங்கும் வசதி சிஎஸ்டிஏவில் உண்டு. ஸ்னாப்ஷாட் என்று பெயர். அதையும் சேர்த்தோம். நேரத்துக்கும் ஒரு முடிவு கட்டினோம். பிபிஎக்ஸின் கடிகாரம் சர்வரைவிட நான்கு நிமிடம் பின்தங்கி ஓடியது. இனி செய்தி சர்வரைத் தொட்ட நேரமே கணக்கு.

ஒரே எண், நான்கு லிஃப்ட்

கேபின் அழைப்புகளுக்கு வருவோம். லிஃப்டின் டயலருக்குத் தனி லைன் இருந்தால் அழைப்பவர் எண்ணை வைத்தே லிஃப்டைக் கண்டுபிடித்துவிடலாம். பெரிய கட்டடங்களில் அப்படி இருப்பதில்லை. நான்கு லிஃப்ட்களும் கட்டடத்தின் சொந்தப் பிபிஎக்ஸுக்குப் பின்னால் இருக்கும். வெளியே தெரிவது கட்டடத்தின் பொது எண் ஒன்றுதான். கேபினுக்குள் மாட்டிக்கொண்டவரிடம் "எந்த லிஃப்ட்?" என்றால் "இதோ, இந்த லிஃப்ட்தான்" என்பார்.

டயலர்களில் இதற்கு வழி இருந்தது. அழைப்பு இணைந்ததும் தன் அடையாள எண்ணைக் கீபேட் ஒலிகளாக அனுப்பும். போன் பொத்தானை அழுத்தும்போது கேட்கும் அந்த ஒலி உண்மையில் இரண்டு சுருதிகளின் சேர்க்கை. 1ஐ அழுத்தினால் 697 ஹெர்ட்ஸும் 1209 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலிக்கும். சர்வரில் குரல் அட்டை ஒன்றைப் போட்டு அந்த ஒலிகளைப் படிக்க வைத்தோம். பழைய லைன்களில் பிசகே இல்லை.

சில கட்டடங்கள் இணைய வழித் தொலைபேசிக்கு மாறியிருந்தன. அங்கிருந்து வந்த அடையாள எண்கள் குறைபட்டு வந்தன, சில வரவேயில்லை. பதிவை ஓட்டிக் கேட்டபோது மனிதக் குரல் தெளிவாக இருந்தது, ஒலிகள் மட்டும் தேய்ந்திருந்தன. காரணம் ஜி.729 என்ற குரல் சுருக்க முறை. நொடிக்கு 64 கிலோபிட் கேட்கும் ஜி.711 இருக்க வேண்டிய இடத்தில் அது 8 கிலோபிட்டில் வேலையை முடிக்கும். மனிதக் குரலின் போக்கை ஊகித்துத்தான் அவ்வளவு சுருக்குகிறது. இரண்டு சுத்த சுருதிகள் ஒன்றாக ஒலித்தால் அதற்குப் புரியாது. பேச்சை ஜி.711லேயே அனுப்பச் சொல்லலாம், அல்லது பொத்தான் ஒலியை ஒலியாக அனுப்பாமல் "4 அழுத்தப்பட்டது" என்று தனிச் செய்தியாக அனுப்பச் சொல்லலாம். இணையத் தரநிலை ஆவணங்களான ஆர்எஃப்சி 2833, அதற்குப் பின்வந்த 4733 சொல்வது இந்த இரண்டாம் முறையைத்தான். ஒரு கட்டடத்தில் ஆர்வக்கோளாறில் இரண்டையும் சேர்த்தே போட்டுவிட்டார்கள். ஒலியும் வந்தது, செய்தியும் வந்தது. 4471 என்ற லிஃப்ட் எங்களுக்கு 44447711 என்று அறிமுகமானது.

நள்ளிரவு பீப்

இரவு டெஸ்க்கில் இருப்பவரோடு ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன். ஒரு மணிக்கு மேல் போன் ஓயாமல் அடித்தது. எடுப்பார், இரண்டு நொடி கேட்பார், வைப்பார். என்ன இது என்றேன்.

"டெஸ்ட் கால் சார். எடுத்தா பீப் பீப்னு ஒரு சத்தம். லிஃப்ட் தானா பண்றது. தினமும் இப்படித்தான்."

லிஃப்ட் அவசர அழைப்புக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 81-28. டயலர் உயிரோடு இருக்கிறதா என்று குறைந்தது மூன்று நாளுக்கு ஒருமுறை தானாகவே அழைத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. இந்த நிறுவனம் போட்டிருந்த டயலர்கள் அந்த முறையில் வந்தவை. 600 லிஃப்ட் என்றால் நாளொன்றுக்குச் சராசரியாக 200 சோதனை அழைப்புகள். அழைக்கும் நேரத்தை யாரும் மாற்றாமல் விட்டதால் பெரும்பாலானவை நள்ளிரவுக்குப் பிறகே வந்து குவிந்தன.

அவர் வைத்துவிட்டுப் போனதில் எனக்கு வேறு ஒரு பயம் பிடித்தது. பேச்சுச் சத்தம் கேட்காத அழைப்பை இரண்டு நொடியில் வைப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. உள்ளே மயங்கிக் கிடப்பவரின் அழைப்பும் பேச்சுச் சத்தம் இல்லாமல்தான் வரும்.

பெரும்பாலான டயலர்களில் அவசரத்துக்கு ஓர் எண், சோதனைக்கு ஓர் எண் என்று தனித்தனியாகப் பதிய முடியும். நிறுவும்போது இரண்டிலும் டெஸ்க்கின் எண்ணையே போட்டிருந்தார்கள். பிஆர்ஐயில் சோதனைக்கென்று புதிய நேரடி எண் ஒன்றை ஒதுக்கினோம். அதற்கு வரும் அழைப்பு மனிதருக்குப் போகாது. சர்வரே எடுத்து, ஒலியைப் படித்து, லிஃப்ட் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வைத்துவிடும். ஆனால் 600 டயலர்களிலும் எண்ணை மாற்ற ஆள் நேரில் போக வேண்டுமே? மாதாந்திரப் பராமரிப்புக்குப் போகும் மெக்கானிக்கே மாற்றட்டும் என்று முடிவானது. எட்டு மாதத்தில் ஐந்து மாதத்தை விழுங்கியது இதுதான்.

எண் மாறிய லிஃப்ட்கள் ஓரளவு சேர்ந்த பிறகு ஒரு வினவலை எழுதினேன். மூன்று நாட்களில் எங்களை அழைக்காத லிஃப்ட்கள் எவை? மொத்தம் பத்து வரி நிரல். அச்சடித்தபோது பட்டியல் ஒரு தாளில் அடங்கவில்லை. மேலாளர் முதலில் எங்கள் நிரலைத்தான் சந்தேகப்பட்டார். ஆட்களை அனுப்பிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. ஒரு கட்டடத்தில் பில் கட்டாமல் லைனைத் துண்டித்திருந்தார்கள். அந்த லைன் எதற்கென்று அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. ஒன்றில் பெயின்ட் அடித்தவர்கள் வயரை அறுத்திருந்தார்கள். சில இடங்களில் பேட்டரி செத்திருந்தது. ஒரு டயலர் ஒழுங்காக மூன்று நாளுக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் முன்பு அந்த லிஃப்டைப் பராமரித்த வேறொரு நிறுவனத்தின் எண்ணை. பொத்தானை அழுத்தியிருந்தால் யார் எடுத்திருப்பார்கள்?

நின்றுபோன டயலர் போனை அடிக்க வைக்காது. அதனால்தான் இத்தனை காலம் இது யார் காதுக்கும் எட்டவில்லை. இரவு டெஸ்க்காரருக்குத் தெரிந்தது வந்து தொல்லை கொடுத்த டயலர்களை மட்டும். ஒரு லிஃப்டின் கடைசிச் சோதனை அழைப்பு வந்து மூன்று நாள் தாண்டினால் இப்போது சர்வர் தானாகவே புகார் எண் போட்டுவிடுகிறது. அவர்கள் கேட்ட பட்டியலில் இது இல்லவே இல்லை. பெட்டியை இன்றே எடுத்துவிட்டாலும் வேலை நடக்கும், இதை மட்டும் எடுக்காதே என்று மேலாளரே பிறகு சொன்னார்.

வயரைப் பிடுங்கிய காலை

சர்வர் படுத்துவிட்டால் என்ன ஆகும்? எந்த எக்ஸ்டென்ஷனுக்கு அழைப்பு போக வேண்டும் என்று கணினியிடம் கேட்டுவிட்டு அதன்படி அனுப்பும் வசதியும் சிஎஸ்டிஏவில் இருக்கிறது. ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று விட்டேன். அவசர எண்ணுக்கு வரும் அழைப்பு பிபிஎக்ஸின் சொந்த விதிப்படியே டெஸ்க்குக்குப் போகும், சர்வர் வேடிக்கை மட்டும் பார்க்கும். சோதனை எண்ணுக்கு மட்டும் சர்வர்தான் பொறுப்பு. நம்ப மாட்டேன் என்றார் மேலாளர். ஒரு வேலைநாள் காலை பத்தரைக்கு அவர் கையாலேயே சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். பட்டைகள் மறைந்தன. போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. டெஸ்க்கில் அக்கா முதல் அழைப்பை எடுத்து, "சொல்லுங்க, எந்தக் கட்டடம்?" என்றார்.

சராசரி

அழைப்பு விவரங்கள் கணினிக்குள் வந்துவிட்டால், அடுத்த நாளே யாராவது அறிக்கை கேட்பார்கள். யார் எத்தனை அழைப்பு எடுத்தார், சராசரியாக எத்தனை நிமிடம் பேசினார் என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள், கொடுத்தோம். பட்டியலில் கடைசியில் நின்றவர் அந்த அக்காதான். கேபினில் மாட்டிக்கொண்டவர்களோடு, மெக்கானிக் போய்ச் சேரும் வரை லைனை விடாமல் பேசிக்கொண்டிருப்பவர் அவர். ஒருமுறை ஒரு சிறுவனிடம் அவன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் சொல்ல வைத்தே அரை மணி நேரம் ஓட்டியிருக்கிறார். டெஸ்க்கில் மற்றவர்கள் அறிக்கையைப் பார்த்துக் கொதித்துப்போனார்கள். கேபின் அழைப்புகளைச் சராசரிக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டோம். மற்ற அழைப்புகளுக்கு அறிக்கை இன்னும் போகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அது என் கையில் இல்லை.

இப்போது

பழைய பிபிஎக்ஸைக் கழற்றப் போகிறார்கள். அந்த இடத்தில் ஆஸ்டரிஸ்க் அடிப்படையிலான அமைப்பு வருகிறது. மார்க் ஸ்பென்சர் 1999இல் தொடங்கிய அந்தத் திறந்த மூல மென்பொருளில் சிஎஸ்டிஏ கிடையாது. 5038 என்ற போர்ட்டில் சாதாரண எழுத்து வரிகளாகவே செய்திகளைக் கொட்டும். ஒவ்வொரு வழிக்கும் தனி எண்ணும், தொடர்புடைய வழிகளையெல்லாம் கோர்க்கும் இணைப்பு எண்ணும் அதிலேயே வருகின்றன. நாங்கள் வியர்வை சிந்திக் கட்டிய உரையாடல் எண்ணின் பாதி வேலையை அது இனாமாகவே செய்கிறது. அடியில் இருக்கும் ஓர் அடுக்கை மட்டும் மாற்றி எழுதினால் போதும் என்பதால், மேலே இருக்கும் எதையும் தொட வேண்டியதில்லை.

தீராமல் இருப்பது சிம் கார்டு. லைன் இழுக்க முடியாத கட்டடங்களில் டயலருக்குப் பின்னால் சிம் போட்ட கருவி ஒன்றை வைக்கிறார்கள். சிம்மை மாற்றினால் எண் மாறும். எண் மாறியதை டெஸ்க்குக்கு யாரும் சொல்வதில்லை. அடையாள ஒலியும் அந்தக் கருவி வழியே சில நேரம் சிதைந்தே வருகிறது. இதற்கு நிரலில் வழி கிடைக்கவில்லை, அதனால் வேலைச் சீட்டில் ஒரு வரி சேர்த்தோம். சிம்மையோ டயலரையோ தொட்ட மெக்கானிக், கிளம்பும் முன் கேபினுக்குள் நின்று பொத்தானை அழுத்த வேண்டும். டெஸ்க்கில் எடுப்பவர் தன் திரையில் என்ன வந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லக் கூடாது. எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட் என்று மெக்கானிக் முதலில் சொல்வார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் சீட்டு முடியும்.